ஒரே வீட்டுக்கு ஒன்பது லீடு: கரையான் சர்வீஸுக்குச் செய்த வாட்ஸ்அப் ஏஐ குழம்புகிறது, உதவுங்களேன்

காரைக்குடிக் கோடன்
செவ்வாய், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். என் மச்சான் காரைக்குடியில் கரையான் மருந்தடிக்கிற தொழில் செய்கிறார். கூடவே ஆர்ஓ சர்வீஸ், தண்ணீர்த் தொட்டி கழுவுதல். ஆள் ஆறு பேர், வண்டி ரெண்டு. விசாரிக்கிறவர்கள், அதாவது லீடு, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள். அவர் அந்த நேரம் ஏதாவது ஒரு வீட்டில் டிரில்லும் கையுமாக இருப்பார். சாயங்காலம் பதில் போடுவதற்குள் பாதிப் பேர் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, ஏதாச்சும் பண்ணேன்" என்றார். பண்ணினேன். இப்போது அதுதான் தலைவலி.

நிரல் வழியாக வாட்ஸ்அப்பை இயக்கும் வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐ, அதிலிருந்து ஒவ்வொரு செய்தியும் வெப்ஹூக் என்ற தானியங்கி அழைப்பாக என் சர்வருக்கு வரும். குரல் பதிவாக வந்தால் எழுத்தாக மாற்றுகிறேன். பிறகு மொழி மாடல் அதைப் படித்து ஊர், வேலை, அவசரம் மூன்றையும் பிரித்து, 100-க்கு மதிப்பெண் போட்டு, ஷீட்டில் ஒரு வரி சேர்த்து, வாடிக்கையாளருக்கும் பதில் அனுப்பும். காலையில் மச்சான் மேலே இருக்கிற பத்துப் பேரைக் கூப்பிட்டால் போதும் என்பது திட்டம்.

நடப்பது வேறு. போன வாரம் பள்ளத்தூரில் ஒரே வீட்டுக்கு ஒன்பது லீடு. கோத்தமங்கலத்திலிருந்து வந்த விசாரணையை "சேவைப் பகுதிக்கு வெளியே" என்று தள்ளிவிட்டது. பார்த்தால் மேப் சேவை அதைக் கேரளத்துக் கோதமங்கலம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நம்ம கோத்தமங்கலம் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில்! ஒரு ஆச்சி, "அடுத்த மாசம் படைப்பு இருக்கு, அதுக்குள்ள மருந்து அடிச்சுத் தரணும்" என்று அனுப்பியிருந்தார். முன்னோர் வழிபாட்டைத்தான் சொன்னார். மாடல் அதைக் கலை, விளம்பர வேலை என்று வகைப்படுத்தி 12 மதிப்பெண் கொடுத்திருக்கிறது. இன்னொருவர் "முகப்பில் கரையான் ஏறுது" என்றதற்கு, "எந்த இணையதளத்தின் முகப்பு?" என்று பாட் கேட்டிருக்கிறது. மச்சான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் விட மோசம், தேவகோட்டையில் ஒருவருக்கு "நாளை காலை 10 மணிக்கு டெக்னீஷியன் வருவார்" என்று அதுவாகவே வாக்குக் கொடுத்தது. யாரும் போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எங்கிருந்து சரி செய்ய ஆரம்பிப்பது?

ராத்திரி சர்வர்
செவ்வாய், இரவு 11:25

முதலில் ஒரு கேள்வி. வெப்ஹூக்குக்கு 200, அதாவது "கிடைத்தது" என்ற பதிலை எப்போது அனுப்புகிறீர்கள்? மாடல் வேலையை முடித்த பிறகா, முன்பா?

காரைக்குடிக் கோடன்
செவ்வாய், இரவு 11:31

எல்லாம் முடிந்து, ஷீட்டில் எழுதின பிறகுதான். குரல் பதிவு என்றால் 30, 40 நொடி ஆகும்.

ராத்திரி சர்வர்
புதன், நள்ளிரவு 12:10

அப்படியானால் ஒன்பதில் பாதிக்கு இதுதான் காரணம். உங்கள் சர்வர் சீக்கிரம் 200 சொல்லவில்லை என்றால், செய்தி போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதையே மறுபடி அனுப்புவார்கள். இடைவெளி கூடிக்கொண்டே போய், 7 நாள் வரைக்கும் கூட வரும். ஒவ்வொரு தடவையும் உங்கள் கோடு அதைப் புது விசாரணை என்று எடுத்துக்கொள்கிறது.

செய்தி வந்ததும் அதை அப்படியே ஒரு வரிசையில் போட்டுவிட்டு உடனே 200 கொடுத்துவிடுங்கள். மாடல் வேலையெல்லாம் பின்னால் தனியாக நடக்கட்டும். ஒவ்வொரு செய்திக்கும் வருகிற மெசேஜ் ஐடியை டேட்டாபேஸில் திரும்ப வர முடியாத புலமாக வைத்தால் இரண்டாவது பிரதி தானாகவே விழுந்துவிடும். லீடு பட்டியலுக்கு ஷீட் வேண்டாம், அதை மச்சான் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, குரல் பதிவைத் தரவிறக்கக் கிடைக்கும் முகவரி 5 நிமிடம்தான் உயிரோடிருக்கும். வரிசை நீண்டு போனால் அது செத்துவிடும். ஆகவே மீடியா ஐடியைச் சேமித்து, எடுக்கிற நேரத்தில் முகவரியைப் புதிதாக வாங்குங்கள்.

மதிப்பெண்ணை மாடலிடம் கேட்கவே கேட்காதீர்கள். அதே செய்திக்கு இன்று 62 போடும், நாளை 75 போடும். அது புலங்களை மட்டும் நிரப்பித் தரட்டும், கூட்டிக் கழிப்பது கோடு. நேரம் கொடுப்பதும் அப்படியே. அட்டவணையில் காலியிடம் இருக்கிறதா என்று கோடு பார்த்துச் சொன்னால்தான் பாட் மணியைச் சொல்ல வேண்டும். இல்லையா, "கேட்டுச் சொல்கிறோம்" என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

காரைக்குடிக் கோடன்
புதன், இரவு 9:15

செய்துவிட்டேன், ரொம்ப நன்றி. பழைய பதிவுகளை மெசேஜ் ஐடி வைத்து வடிகட்டியதில் பள்ளத்தூர் வீட்டு ஒன்பது நான்காகக் குறைந்தது. ஆனால் அந்த நான்கும் நான்கு வேறு எண்கள். ஒன்று +65 (சிங்கப்பூர்), ஒன்று +60 (மலேசியா), ஒன்று சென்னைக்காரர், ஒன்று உள்ளூர். வெளிநாட்டு எண்கள் இரண்டுக்கும் "பகுதிக்கு வெளியே" என்று குறைந்த மதிப்பெண். பெயர்கள் வேறு, ஆனால் எல்லோரும் சொல்வது அதே தெரு, அதே கரையான். இதை எந்த ஐடியை வைத்து ஒன்றாக்குவது?

ஏணிக்காரன்
புதன், இரவு 10:02

தம்பி, எனக்குக் கோடு தெரியாது. ஆனால் இருபது வருசமாக இதே வேலை, புதுக்கோட்டைப் பக்கம். உங்கள் சிக்கல் கம்ப்யூட்டரில் இல்லை. செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கே இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான தம்பதிக்கும், ஒரு அறை என்று வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிக் கட்டிய வீடு. இன்றைக்கு அதில் பத்துப் பதினைந்து பங்கு இருக்கும். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் அண்ணா நகர். பொங்கலுக்கு வந்த ஒருவர் கதவு நிலையில் கரையான் மண் கோடு ஏறியிருப்பதைப் பார்த்துப் போட்டோ எடுத்துப் பங்காளிகள் குரூப்பில் போடுவார். உடனே நாலு பேர் நாலு ஊரிலிருந்து உங்களைக் கேட்பார்கள். அது நாலு லீடு இல்லை, ஒரே வீடு. அந்த நாலு பேரிடமும் நாலு விலை சொன்னீர்களோ, அத்தோடு வேலை போச்சு, பேரும் போச்சு.

அதனால் கணக்கை வீட்டின் மேல் எழுதுங்கள். போன் நம்பரின் மேல் எழுதாதீர்கள். ஒரு வீடு, அதன் கீழே கேட்டவர், சாவி வைத்திருப்பவர், பணம் தருபவர் என்று மூன்று தனி ஆள். மூன்றும் ஒருவராக இருந்தால் அதிசயம். சாவி பெரும்பாலும் வாட்ச்மேன் கையில். அவர் அனுப்புவது "சார் கரையான் வாங்க" என்று மூன்றே வார்த்தையாக இருக்கும், உங்கள் மெஷின் அதை மதிக்காது. ஆனால் வேலை கிடைப்பது முக்கால்வாசி அவர் மூலமாகத்தான்.

வீட்டை அடையாளம் காண கதவு எண்ணைக் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. ஊர், தெரு, விலாசம். விலாசம் என்றால் முகவரி இல்லை, அந்தக் குடும்பத்தின் முன்னெழுத்துகள். அதைச் சொன்னால் ஊரில் சின்னப் பிள்ளை கூட வழி காட்டும்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பாட் "எத்தனை சதுர அடி" என்று கேட்கிறதா? அதற்கு முன்னால் "தரை என்ன?" என்று கேட்க வேண்டும். கட்டின வீட்டுக்கு மருந்து என்றால் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர். சிமெண்ட் தரை என்றால் போட்டு மூடிவிட்டுப் போகலாம். ஆத்தங்குடிக் கல்லிலோ பழைய இத்தாலி மார்பிளிலோ யார் துளை போட விடுவார்கள்? அதே பூ, அதே நிறத்தில் மாற்றுக் கல் கிடைக்காது, ஆத்தங்குடிக் கல் கையால் கண்ணாடி மேல் வார்த்தது. அந்த வீட்டுக்கு வெளிப்புறச் சுற்றும் மரத்துக்குத் தனி மருந்தும் என்று வேறு கணக்கு, வேறு விலை. இது தெரியாமல் பாட் விலை சொன்னால் உங்கள் மச்சான் வாசலில் நின்று சண்டைதான் போட வேண்டும்.

சிங்கை வாசி
வியாழன், காலை 6:20

ஏணிக்காரர் அண்ணன் சொன்ன சிங்கப்பூர்க்காரர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் (அந்தப் பள்ளத்தூர் வீடு நான் இல்லை). எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். உங்கள் ஊரில் இரவு 9 மணிக்கு ஃபாலோ-அப் போனால் எங்களுக்கு 11:30. எண்ணின் நாட்டுக் குறியீட்டைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள், அதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, "உங்கள் விசாரணைக்கு மனமார்ந்த நன்றி" என்று நாலு வரி எனக்கு வேண்டாம். யார் போனார், வீட்டின் எந்தக் கட்டு (பகுதி) வரை பார்த்தார், போட்டோ எங்கே. அந்தப் போட்டோவை அப்படியே பங்காளிகளுக்கு அனுப்பினால்தான் எனக்குப் பங்குப் பணம் வசூலாகும். ஒரே பிடிஎஃப்பாக, விலை ஒரே விலையாகத் தருகிற ஆளுக்குத்தான் நான் வேலை கொடுப்பேன்.

லீடு வேட்டை
வியாழன், காலை 9:48

ஏன் சார் வருகிறவர்களுக்காகக் காத்திருக்கணும்? சங்கத்து முகவரிப் புத்தகங்களில் வெளிநாட்டு எண்ணெல்லாம் இருக்கு. ஸ்கேன் பண்ணி, ஏஐ வெச்சு ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஊர்ப் பேரைப் போட்டு ஒரு மெசேஜ் தட்டுங்க. அதுதான் லீடு ஜெனரேஷன்.

தேவகோட்டை அக்கா
வியாழன், மதியம் 1:05

தம்பி கோடா, அதை மட்டும் செய்துவிடாதே. அந்தப் புத்தகத்தில் எண் கொடுத்தவர்கள் கல்யாணம், கோயில் காரியத்துக்குக் கொடுத்தார்கள், கரையான் மருந்துக்கு இல்லை. வாட்ஸ்அப் விதியே சம்மதம் இருந்தால்தான் அனுப்பலாம் என்கிறது. பத்து ஆச்சிமார் பிளாக், ரிப்போர்ட் அழுத்தினால் எண்ணின் தர மதிப்பு விழும், எண்ணே முடங்கலாம். மச்சான் பத்து வருடமாக வண்டியில் எழுதி வைத்திருக்கிற எண் அதுதானே?

ஏற்கெனவே உன்னிடம் இருக்கிற தங்கத்தைப் பார். முடிந்த வேலைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் மருந்தடித்த தேதி இருக்கும், வாரண்டி இருக்கும். வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் வரை நீ இஷ்டப்படி பதில் எழுதலாம், அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பிடம் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட், அதாவது முன்பே எழுதி வைத்த செய்திதான் போகும். வாரண்டிப்படி வர வேண்டிய வருடாந்திரச் சோதனையை நினைவூட்டுவது யுட்டிலிட்டி (சேவைத் தகவல்) வகையில் போகும். "மறுபடி செய்யுங்க, சலுகை உண்டு" என்று ஒரு வால் சேர்த்தால் மார்க்கெட்டிங் ஆகிவிடும், நம் நாட்டில் அதற்குக் கட்டணம் பல மடங்கு. 2025 ஜூலையிலிருந்து டெம்ப்ளேட்டுக்குச் செய்திக்குச் செய்தி காசு, நினைவிருக்கட்டும். வேலை முடிகிற அன்றே சாவிக்காரரிடமும் பணம் கொடுத்தவரிடமும் "அடுத்த வருடம் நினைவூட்டலாமா" என்று கேட்டு, ஆமாம் என்ற பதிலைத் தேதியோடு சேமித்து வை.

காரைக்குடிக் கோடன்
வியாழன், இரவு 8:30

அக்கா, சரி. புத்தகம் வேண்டாம். ராத்திரி சர்வர் அண்ணே, படைப்பு, முகப்பு, வளவு இதையெல்லாம் மாடலுக்குப் பழக்க ஃபைன்-டியூனிங், அதாவது மாடலையே மறுபடி பயிற்றுவிப்பது, பண்ணணுமா? எழுத்தாக்கத்தில் வளவு எப்போதும் வளைவு ஆகிவிடுகிறது.

ராத்திரி சர்வர்
வியாழன், இரவு 11:50

வேண்டவே வேண்டாம். எழுத்தாக்கத்துக்கு நீங்கள் வைத்திருப்பது விஸ்பர் மாடல் என்றால் முன்குறிப்பாகச் சொற்கள் கொடுக்கலாம், ஆனால் அதில் கடைசி 224 டோக்கனைத்தான் (மாடல் சொற்களை வெட்டும் சிறு துண்டு) பார்க்கும். தமிழ் எழுத்து டோக்கனை அள்ளி விழுங்கும், அதனால் ரொம்பத் தேவையான இருபது சொல் மட்டும். ஊர்ப் பெயர்களில் தப்பாகிறவை, வளவு, பட்டாலை, நிலை, இப்படி.

மொழி மாடலுக்கு இடம் தாராளம். முகப்பு என்றால் வீட்டின் முன் பகுதி, படைப்பு என்றால் முன்னோருக்குச் செய்யும் வழிபாடு, அந்தத் தேதிக்குள் வேலை முடிய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போல), படைப்பு வந்தால் "கெடு தேதி" என்ற புலத்தை நிரப்பச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அவசரத்தின் உண்மையான அளவுகோல் அதுதான் என்று நினைக்கிறேன். பழைய செய்திகளில் ஐம்பதை எடுத்து, மச்சானைச் சரியான விடை எழுத வைத்து, குறிப்பை மாற்றும்போதெல்லாம் அந்த ஐம்பதையும் ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றைச் சரி செய்ய இன்னொன்று கெடும்.

கோத்தமங்கலத்துக்கு மேப் எதற்கு? மச்சான் போகிற ஊர் எத்தனை, எழுபது இருக்குமா? கையால் ஒரு பட்டியல் போடுங்கள். பின்கோடு 630 அல்லது 622-இல் ஆரம்பித்தால் நம்ம பக்கம், 686 என்றால் கேரளம். பட்டியலில் இல்லாத ஊர் என்றால் பாட் திருப்பிக் கேட்கட்டும், ஊகிக்க வேண்டாம்.

காரைக்குடிக் கோடன்
அடுத்த புதன், இரவு 9:40

அப்டேட். வீடுதான் இப்போது முதல் அட்டவணை. ஊர், தெரு, விலாசம் மூன்றும் ஒத்துப்போனால் "இதே வீடா?" என்று மச்சானுக்கு ஒரு பட்டன் போகும், அவர் அழுத்தினால்தான் சேரும். தானாகச் சேர்க்க விட்டுப் பார்த்தேன், கண்டனூரில் ஒரே விலாசத்தில் அண்ணன் தம்பி வீடு இரண்டை ஒன்றாக்கிவிட்டது. பள்ளத்தூரில் நால்வருக்கும் ஒரே பிடிஎஃப் போனது. கோலாலம்பூர்க்காரர்தான் முதலில் சரி என்றார்.

தரை என்ன என்ற கேள்விக்குப் போட்டோவே வந்துவிடுகிறது, ஆத்தங்குடிக் கல் என்று எழுதுவதை விடப் படம் எடுப்பது சுலபம் போல. ஆச்சி வீட்டு வேலை படைப்புக்கு ஐந்து நாள் முன்பே முடிந்தது.

முடியாத ஒன்று இருக்கிறது. நேற்று ஒரு வாட்ச்மேன் அண்ணன் குரல் பதிவில் விலாசத்தைச் சொன்னார், பின்னால் மோட்டார் சத்தம், ஒன்றும் விளங்கவில்லை. பாட் "வாசல் வளைவைப் போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே" என்று கேட்டது, இது நான் புதிதாகச் சேர்த்தது. அனுப்பினார். சுண்ணாம்பில் வார்த்த மூன்று எழுத்தில் இரண்டை மாடல் சரியாகப் படித்தது. மூன்றாவது எழுத்தின் மேல் குளவிக் கூடு. மச்சானிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து கிடக்கட்டும், கூட்டை எடுக்க ஒரு லீடு போடு" என்றார்.