பொருள்: ஃபேண்டஸி பேஸ்பால் ஏலத்துல "நாமினேஷன்", சனிக்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சில என் தமிழ் வகுப்புப் பசங்க ஃபேண்டஸி பேஸ்பால் ஏலத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுறாங்க, சனிக்கிழமை வாசிக்கணும். நிஜ பேஸ்பால் வீரர்களை ஏலத்துல எடுத்து ஆளாளுக்கு ஒரு கற்பனை அணி சேர்க்கிற ஆட்டம் இது. ஆளுக்கு 260 டாலர், கணக்குக்குத்தான், அதுல 23 வீரர் எடுக்கணும். பிட்டுக்கு (bid, அதாவது ஏலத்துல விலை கேக்கிறதுக்கு) "கேள்வி"ன்னு போட்டாச்சு. நாமினேஷன்ல மாட்டிக்கிட்டோம். நம்ம முறை வர்றப்ப ஒரு வீரர் பேரைச் சொல்லி ஏலத்தை ஆரம்பிக்கணும், தந்திரமே என்னன்னா நமக்கு வேண்டாத பெரிய பேரா முதல்ல சொல்லி மத்தவங்க பணத்தைக் கரைக்கிறது. "பரிந்துரை"ன்னேன், வேண்டாதவனை யாரு பரிந்துரைப்பான்னு ஒரு பொண்ணு கேக்குது.

——
> பரிந்துரை

பரிந்து உரைக்கிறது! இங்க பரிவு எங்கம்மா இருக்கு? முன்மொழிவுன்னு போடுங்க. அதைவிட, ஏலமே போர்ச்சுகீசியம், லெய்லாவ். "விலைகூறல்"னு மாத்திட்டு மத்ததைப் பேசலாம்.

——
ஐயா, ஏல் + அம் ஏன் இருக்கக்கூடாது? ஏலும், ஏலாதுன்னு இன்னிக்கும் சொல்றோமே, கேட்ட விலைக்கு ஏற்கிறதுதானே ஏலம். போடிநாயக்கனூர்ல ஏலக்காயையே ஏலம் விடுறாங்க, அந்த ஏலம் எந்த வேர்னு

——
அண்ணா, போதும். இந்த ஆட்டத்துக்கே 1980ல ரொட்டிசெரின்னு பேர் வச்சாங்க, நியூயார்க்ல அவங்க கூடிச் சாப்பிட்ட பிரெஞ்சு ஓட்டல் பேரு. அவங்க வேரா பாத்தாங்க?

எங்க ஊர்ல கோயில் புளியமரம் ஏலம் விடுறப்ப, தனக்கு வேண்டாம்னாலும் பக்கத்து ஆளுக்கு மலிவா போயிடக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டே போவாங்க, "ஏத்திவிடுறது"ம்பாங்க. எங்க சித்தப்பா ஒருதரம், ரெண்டுதரம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு, மூணுதரம்னப்ப எதிராளி வாயை மூடிட்டான், அந்த வருஷம் பூரா எங்க வீட்ல புளிதான்.

——
அது வேற தந்திரம் தம்பி, ஆனா அதுவும் இதுல உண்டு, சொல்லை எடுத்துக்கிட்டேன். சித்தப்பா மாதிரி மாட்டாம இருக்கத்தான் பசங்க கணக்கு வச்சிருக்காங்க: 5 இடம் பாக்கி, கையில 20 டாலர்னா மிச்ச 4 இடத்துக்கும் ஆளுக்கு 1 டாலர் ஒதுக்கணும், அதனால 16க்கு மேல கேக்க முடியாது.

நாமினேஷனுக்கு இங்க முன்மொழிவுன்னு சொல்லியிருக்கீங்க. தலைப்புல அதையே போட்டுட்டேன். உள்ள பசங்க "பேர் போடுறது"ன்னு எழுதி வச்சிருக்காங்க, திருத்தலை.

——
முன்மொழிவு சரி. ஏலத்துக்கு எனக்கு உடன்பாடு இல்லைன்னு குறிச்சுக்குங்க. விலைகூறல்.