கொழும்பிலிருந்து எட்டக்கூடிய, வாகனம் வராத கிரவல் பாதைகள் எவை?

வெள்ளவத்தை வாணி கேட்டது:

வணக்கம். காலி வீதியில் சைக்கிள் ஓட்டுவோருக்கு விடியற்காலையில் மட்டுமே வீதி கிடைக்கிறது. சற்று வெளிச்சம் வந்துவிட்டால் பேருந்துகளும் முச்சக்கரவண்டிகளும் இடது ஓரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. எனக்கும் தரம் 10 இல் படிக்கும் என் மகனுக்கும் 40 மில்லிமீற்றர் டயர் பொருத்திய சைக்கிள்கள் உள்ளன. தார் போடாத, வாகனம் வராத, மரநிழலோ ஆற்றோரமோ உள்ள ஒரு பாதையில் இருவரும் பேசிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அமெரிக்காவின் மிசூரி ஆற்றோரமாகச் செல்லும் கேற்றி பாதையைப் பற்றி அண்மையில் படித்தேன். ஏறத்தாழ 386 கிலோமீற்றருக்குப் பொடித்த சுண்ணாம்புக் கல் பரப்பிய அந்தப் பாதையில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. அவ்வளவு பெரிதாக இங்கே எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய வழிகள் இருந்தாலே போதும். இல்லையெனில் சைக்கிளை ரயிலில் ஏற்றிச் செல்லவும் தயாராக இருக்கிறோம். களனி கங்கைக் கரையில் ஏதேனும் பாதை உண்டா? காட்டுக்குள் ஓட்டுவதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

குளக்கட்டு எழுதியது:

சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட கேற்றி பாதை கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையின் மேல் அமைந்தது. அதே நாட்டின் செசபீக் – ஒகையோ கால்வாய்க் கரை 297 கிலோமீற்றர் நீளமானது. கோவேறு கழுதைகள் படகுகளை இழுத்துச் சென்ற வழியே அங்கு இன்று சைக்கிள் பாதையாகியுள்ளது. இரண்டுமே ஓட்டத்துக்கு இவ்வளவு இதமாக இருப்பதற்குக் காரணம், ரயிலும் கால்வாயும் செங்குத்தான ஏற்றத்தைத் தாங்கமாட்டா என்பதே. ஆகவே இலங்கையில் தேடும்போது காட்டை விட்டுவிட்டு வாய்க்காலைத் தேடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். நம் நாட்டில் குளக்கட்டும் வாய்க்கால் கரையும் பராமரிப்புக்காகவே பாதையுடன் அமைந்தவை.

களனி கங்கையைப் பொறுத்தவரை கொழும்புப் பக்கத்தில் ஏமாற்றம்தான் மிஞ்சும். வெள்ளத் தடுப்பு அணைகள் இருந்தாலும், பல இடங்களில் அவற்றின் மேல் வாகனங்கள் ஓடுகின்றன. அதற்குப் பதிலாக, கங்கையின் வடகரையில் ஹெந்தளைப் பக்கம் தொடங்கி நீர்கொழும்புக் களப்பை நோக்கிச் செல்லும் ஹமில்டன் கால்வாயைப் பாருங்கள். 1802 இல் தொடங்கி 1804 இல் பிரித்தானியர் வெட்டி முடித்த இந்தக் கால்வாயை, ஊரார் பலர் இன்றும் ஒல்லாந்தர் கால்வாய் என்றே அழைக்கின்றனர். ஒருபுறம் கடலோரக் கிராமங்கள், மறுபுறம் முத்துராஜவெல சதுப்பு நிலம், இடையில் நேராக ஓடும் நீர். கரைப்பாதை சில இடங்களில் கல் பதித்தது, சில இடங்களில் வெறும் மண். கரையோர வீட்டாரின் மோட்டார் சைக்கிள்கள் வரும். மீன்வலை காயும் இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியும் வரும். முதல் ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கொழும்பருகில் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் உண்மையான விருந்து தூரத்தில் இருக்கிறது. 5 ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கலாவெவக் குளத்திலிருந்து அநுராதபுரத்துத் திசாவெவக் குளத்துக்கு நீர் கொண்டுபோக வெட்டுவித்த ஜய கங்கை என்ற வாய்க்கால் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதல் 27 கிலோமீற்றரில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மட்டுமே சரிவு என்று கணித்திருக்கிறார்கள். சைக்கிளில் அமர்ந்திருப்பவருக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது. இன்னொரு சிறப்பும் உண்டு: பழைய வாய்க்காலுக்கு ஒரு பக்கம் மட்டுமே கட்டு, மேட்டுப் பக்கம் திறந்தே விடப்பட்டிருப்பதால், மழைநீர் தானாக இறங்கி வந்து சேர்கிறது. அதனால் கட்டின் மேல் ஓட்டும்போது ஒரு கையில் வயலும் மறு கையில் மருத மரங்கள் நிழல் விரித்த அகன்ற நீரும் கிடைக்கும். உழவு இயந்திரங்களும் உள்ளூர் மோட்டார் சைக்கிள்களும் தவிர வேறு வாகனங்களைக் காண்பது அரிது.

மகனை அழைத்துச் செல்வதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கலாவெவ யானைகளின் இடம். வறட்சியில் குளம் வற்றி, அடியில் புல் முளைக்கும் மாதங்களில் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே தொடங்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் பாதையை விட்டு ஊருக்குள் வந்துவிடுங்கள். புதிய சாணமோ முறிந்த கிளையோ கண்ணில் பட்டால், அருகில் வயலில் நிற்பவரிடம் கேட்காமல் முன்னே போக வேண்டாம்.

அவிசாவளையான் எழுதியது:

குளக்கட்டு ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மரநிழல் வேண்டும் என்று சகோதரி கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை.

முதலில் அனுமதி. தேசியப் பூங்காக்களுக்குள் சைக்கிள் ஓட்ட இடமில்லை. சிங்கராஜாவுக்குள் வழிகாட்டியுடன் நடந்துதான் போகலாம். லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காடு கொழும்பின் குடிநீருக்காகக் காக்கப்படுவது; அங்கு நினைத்தபடி நுழைய முடியாது, நுழையவும் கூடாது. மற்றைய ஒதுக்குக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இறப்பர்த் தோட்டங்களை. பாதுக்கை தொடங்கி அவிசாவளை வரையிலும், தெற்கே இங்கிரிய பக்கமும், மலைச்சரிவுகளில் வளைந்து செல்லும் தோட்டத்து வீதிகள் பெரும்பாலும் கிரவல்தான். கோட்டையிலிருந்து களனிவெளிப் பாதை ரயில் அவிசாவளை வரை வருகிறது. எங்கள் வீட்டார் இரண்டு தலைமுறையாக இறப்பர்ப் பால் வெட்டியவர்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். குளிர்ச்சியான காலையில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டியபின் சிரட்டை நிறைந்து, முற்பகலில் தொழிலாளர் வாளிகளுடன் இறங்கிவருவார்கள். நிறைந்த வாளியுடன் ஒரு பெண் வளைவில் எதிர்ப்படும்போது அவரே ஒதுங்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். சைக்கிளை நிறுத்தி வழிவிடுங்கள், ஒரு வணக்கம் சொல்லுங்கள். புறப்படுமுன் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செல்வது முறை. பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், எந்த வீதியில் லொறி வரும் என்பதையும் கணக்கப்பிள்ளையே சொல்லிவிடுவார்.

வெள்ளவத்தை வாணி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மழைக்காலத்தில் இப்பாதைகளில் ஓட்ட முடியுமா? டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

சில்லும் செயினும் எழுதியது:

காற்று: 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மில்லிமீற்றர் டயரில் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை போதும், மகன் எடை குறைவாக இருந்தால் இன்னும் சற்றுக் குறைக்கலாம். தார் வீதிக்கு வைப்பதுபோல் இறுக்கமாக வைத்தால், கிரவலின் மேல் கிடக்கும் சின்ன உருண்டைக் கற்களில் முன்சில்லு வளைவில் வழுக்கும்.

மழையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம் செம்மண் கிரவலில் களி கலந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது சீமெந்துபோல் இறுகி நல்ல தளமாகிறது. ஒரு நல்ல மழைக்குப் பின் டயரில் அப்பி, முன்கவைக்கும் டயருக்கும் இடையே அடைத்து, சில்லையே சுழலவிடாது நிறுத்திவிடும். அந்த நிலையில் மிதித்தால் செயினும் பின்கியரும்தான் பாழாகும். ஈர்க்குச்சியால் களியை வழித்துவிட்டு, புல் உள்ள ஓரமாகத் தள்ளிச் செல்லுங்கள். கொழும்புப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை பாதை காய்ந்திருக்கும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியதும் தோட்டப் பாதைகளில் அட்டையும் சேர்ந்துகொள்ளும்.

வாய்க்காலோரம் ஓட்டுவோர் எலிக்காய்ச்சலை மறக்கக் கூடாது. காலில் சிராய்ப்பு இருந்தால், வயல் நீரிலோ தேங்கிய சேற்றிலோ இறங்க வேண்டாம். சென்று வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடிக்கடி போவதாக இருந்தால், முன்தடுப்பு மாத்திரை தேவையா என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.

முருங்கன் பிள்ளை எழுதியது:

அக்கா, வடக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து வாய்க்கால் வழியாக நீர் கொண்டுவரும் கட்டுக்கரைக் குளம் எங்கள் மன்னாரில் இருக்கிறது. தலைமன்னார் ரயிலில் முருங்கனில் இறங்கினால் அருகில்தான். குளக்கட்டின் மேல் கிரவல் பாதை, கீழே வயல், மேலே வானம் முழுக்க நீர்ப்பறவைகள். வாடைக்காற்று மழை ஓய்ந்து, பாதை காய்ந்து, குளமும் நிறைந்திருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே சிறந்தவை. நிழல் குறைவு என்பதால் ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும். வன்னியில் எங்கே ஓட்டினாலும் ஊரார் நாளாந்தம் பயன்படுத்தும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றும் அறிவித்தல் பலகைகள் உள்ள இடங்கள் இன்னும் இருக்கின்றன.

ரயிலில் சைக்கிளைப் பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். பொதியாகப் பதிய வேண்டும். எல்லா ரயிலிலும் பொதிப் பெட்டி இராது என்பதால், முதல் நாளே கோட்டை நிலையத்தின் பொதி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். முன்சில்லைக் கழற்றிக் கட்டி, மிதிகட்டைகளையும் உள்ளே திருப்பி வைத்தால் மற்றப் பொதிகளில் மாட்டிச் சேதமாகாது.