ஒரு கிலோ லேப்டாப் கடற்கரை ஊரில் தாங்குமா?

மண்டபம்காரி:
கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம், சில நாள் தொண்டி வரை பஸ்ஸில்தான் போக வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கிற 15.6 இன்ச் லேப்டாப், கூடவே அதன் சார்ஜர், சாயங்காலம் ஆனால் தோள்வலி. ஒரு கிலோ அளவில் வருவதை வாங்கலாமா? இவ்வளவு மெலிதாக்க எதை எடுத்துவிடுகிறார்கள், உப்புக்காற்று ஒத்துக்கொள்ளுமா? எனக்கு எக்செல், பிரௌசர், போட்டோ, அவ்வளவுதான்.

ராம்நாடு சர்வீஸ்:
தங்கச்சி, 2008-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினாரே, அதன் எடை 1.36 கிலோ. சிடி டிரைவ் கிடையாது, யுஎஸ்பி ஒன்றே ஒன்று, ரேமை, அதாவது வேலை ஓடும்போது தகவலை வைத்திருக்கும் நினைவகச் சிப்பை, மெயின் போர்டிலேயே பற்றவைத்திருந்தார்கள். இன்றைக்கு மெலிதாக வருகிற பலதும் அதே வழிதான். என் கவலை அந்த ரேம் மேல். உப்பு ஈரம் இறங்கிப் போர்டில் பச்சை பூத்துவிட்டால், ரேம் தனியாக இருக்கிற மெஷினில் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கலாம், அதுவும் போனால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டிய போர்டில் ரேம் போனால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள், அந்தக் காசுக்குப் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். ஒரு கிலோ என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், 1.3, 1.4 கூடத் தோளுக்குச் சுகம்தான்.

கீழக்கரை வாசகன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஃபேனை விட்டுவிட்டார். ஃபேன் ஓடும்போதெல்லாம் வெளிக்காற்றை இழுத்துத்தான் போர்டைக் குளிர வைக்கிறது, நம் ஊரில் அந்தக் காற்றில் உப்பும் மணலும் சேர்ந்தே வரும். 2015-ல் வந்த 12 இன்ச் மேக்புக் 920 கிராம், ஃபேனே இல்லை. 2020-ல் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏரும் அப்படித்தான். வீடியோ எடிட்டிங் மாதிரி நீண்ட வேலை கொடுத்தால் சூடாகி வேகம் குறையும், எக்செலுக்கு அந்தப் பயம் வேண்டாம். கரையில் வெயில் படும்படி மட்டும் வைத்து வேலை செய்யாதீர்கள்.

ராம்நாடு சர்வீஸ்:
ஃபேன் இல்லாதது இங்கே நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். கீபோர்டு வழியாகவும் யுஎஸ்பி ஓட்டை வழியாகவும் ஈரம் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து மூடிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

தேவிபட்டினம்:
அளவையும் பாருங்கள். 2007-ல் வந்த ஆசுஸ் ஈ பிசி ஒரு கிலோவுக்கும் குறைவு, ஆனால் திரை 7 இன்ச், சாவிகள் நெருக்கி நெருக்கி. நாள் முழுக்க எக்செலில் வரிசை வரிசையாக நம்பர் அடிக்கிறவருக்கு 13 இன்ச்சுக்குக் கீழே போனால் கண்ணும் விரலும் நோகும். டைப் சி-யில் சார்ஜ் ஆகிற மாடலாகப் பாருங்கள், போனுக்கும் அதற்கும் ஒரே சார்ஜர் போதும், பையில் அந்தக் கனமும் மிச்சம்.

மண்டபம்காரி:
எல்லோருக்கும் நன்றி. ரேம் ஒட்டியதா இல்லையா என்று வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ராம்நாடு சர்வீஸ்:
கம்பெனி தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலைத் திறங்கள். ரேமுக்கு நேராக ஆன்போர்டு அல்லது சோல்டர்டு என்று இருந்தால் ஒட்டியது, சோடிம் ஸ்லாட் என்று இருந்தால் கழற்றலாம். ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டிக்கு எம்.2 என்று இருக்கிறதா பாருங்கள், அது தனியாகக் கழற்ற வந்தால் போர்டு போனாலும் உங்கள் கணக்கு பிழைத்துக்கொள்ளும்.