அமெரிக்காவின் மெம்ஃபிஸ் போய் வந்தவர்கள்: இன்னும் மனதில் உறுத்துவது எது?

பயணப்பை:
லொரெய்ன் மோட்டல் தெரியும்தானே, கறுப்பர் உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுடப்பட்ட இடம், இப்போது மியூசியம். 306-ஆம் அறை வாசலில் மலர்வளையம், கீழே பழைய கார்கள் இரண்டு, எல்லாரும் எடுக்கும் அதே போட்டோ. எனக்கு உறுத்துவது அதுவல்ல. தெருமுனையில் ஒரு அம்மா மேஜை போட்டு, எதிர்ப்பு அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். மோட்டல் மூடப்பட்டபோது கடைசியாகக் குடியிருந்தவர் அவர்தான். 1988-இல் அவரை வெளியேற்றினார்கள். அன்று முதல் அங்கேதான் போராட்டம். ஏழைகளுக்காகப் பேசியவர் பெயரில் ஏழைகளைக் காலி செய்துவிட்டு மியூசியமா என்பது அவர் கேள்வி. என் மனைவி ஓர் அட்டை விடாமல் படித்தாள். "நீங்க பார்த்துட்டு வாங்க, நான் வரலை" என்று அங்கேயே நின்றுவிட்டாள். நான் உள்ளே போனேன். கறுப்பர்களைப் பின் சீட்டுக்கு விரட்டிய காலத்து பழைய பஸ் ஒன்று இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் டிரைவரின் குரல் நம்மைப் பின்னால் போகச் சொல்லி அதட்டுகிறது. அதில் உட்கார்ந்திருக்கும்போதும் வெளியே நிற்கிறவள் ஞாபகம்தான். இதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. வீட்டில் பேச்செடுத்தாலே சண்டை.

மாம்பலம்வாசி:
சார், உங்கள் மனைவி மேல் மரியாதை உண்டு, ஆனால் அவர் கட்சி எனக்குச் சரிப்படவில்லை. 1982-இல் அந்த மோட்டல் ஏலத்துக்கே வந்துவிட்டது. ஓர் அறக்கட்டளை எடுத்ததால்தான் மிஞ்சியது. எடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே ஊரில் சாட்சி இருக்கிறது: ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ. ஓட்டிஸ் ரெடிங், ஐசக் ஹேஸ் எல்லாம் பாடிப் பதிந்த இடத்தை 1989-இல் இடித்தே விட்டார்கள். இப்போது நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது 2003-இல் அதே இடத்தில் திரும்பக் கட்டியது. அது முதலில் சினிமா தியேட்டர் என்பதால் தரை சரிவாக இருக்கும். புதிதாகக் கட்டும்போதும் அந்தச் சரிவை அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் அந்தச் சரிவில் நின்றபோது பக்கத்தில் ஒரு பெரியவர், ஷூ நுனியால் தாளம் போட்டுக்கொண்டே, "நிஜம் இல்லை, ஆனா கால் நம்புது" என்றார். எனக்கு அவ்வளவுதான் கதை.

இன்னொன்று. லொரெய்னை வெறும் சாவு நடந்த இடமாகவே பேசுகிறோம். அது கறுப்பர்கள் நடத்திய மோட்டல். ஸ்டாக்ஸுக்கு வரும் பாடகர்கள் தங்கியது அங்கேதான். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து பாட்டெழுத அந்த ஊரில் வேறு இடம் அதிகம் இல்லை. ஒரு புயல் இரவில் வெள்ளையரான ஸ்டீவ் க்ராப்பரும் கறுப்பரான எடி ஃப்ளாய்டும் 'நாக் ஆன் உட்' பாட்டை எழுதியது அந்த மோட்டல் அறையில்தான். பாட்டில் இடியும் மின்னலும் வந்தது அப்படித்தான். இப்போது அங்கே ஒருவரும் தங்க முடியாது என்பதில் மட்டும் எனக்கும் வருத்தம்.

கோவைக்காரி:
நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள், நான் சன் ஸ்டூடியோ பற்றிச் சொல்கிறேன். ராக் பாடகர் எல்விஸ் முதல்முதலாகக் காசு கொடுத்துப் பாடிப் பதிந்த சின்ன அறை. டூர் முடிவில் ஒரு பழைய மைக்கைக் காட்டுவார்கள், எல்லாரும் அதைப் பிடித்து இடுப்பை வளைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்கள் அப்பா வரிசையில் நின்றார். அவர் இருபது வயதில் மெல்லிசைக் குழு வைத்திருந்தவர், கல்யாணக் கச்சேரியாகவே ஓடிக்கொண்டிருந்தவர், பிறகு பேங்க் வேலைக்குப் போய் எல்லாவற்றையும் மூட்டை கட்டியவர். முறை வந்ததும் மைக்கைத் தொடவே இல்லை. அறை நடுவில் நின்று ஒரே ஒரு கைதட்டு தட்டினார். மேலே ஓட்டுக்கூரை மாதிரி வளைந்து கிடக்கும் பழைய ஒலித் தடுப்பைப் பார்த்துக்கொண்டு, தட்டிய சத்தம் அடங்கும்வரை நின்றார். டூர் நடத்திய பையன் அசந்துபோய், "சார், நீங்க மியூசிஷியனா?" என்று கேட்டான். அப்பா "நோ நோ, டூரிஸ்ட்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். நானாவது சொல்லியிருக்கலாமா என்றால், அது அவர் சொல்ல வேண்டியது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் இன்றுவரை பதில் வரவில்லை.

டென்னசிக்காரன்:
என்ன எல்லாரும் இப்படிக் கனமாக எழுதுகிறீர்கள். பீபாடி ஹோட்டல் வாத்துகளை யாருமே சொல்லவில்லையே! காலை 11 மணிக்கு லிஃப்டில் இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் நடந்து, லாபியில் இருக்கும் பளிங்கு நீரூற்றில் குதிக்கும். மாலை 5 மணிக்குத் திரும்ப மொட்டைமாடிக்கு. முன்னால் சர்க்கஸில் மிருகங்களைப் பழக்கிய எட்வர்ட் பெம்ப்ரோக் என்பவர் அந்த நடையைச் சொல்லிக் கொடுத்தார். 1940-இல் தொடங்கி 1991 வரை அவரே வாத்து மாஸ்டர். அந்த ஹோட்டல் மெனுவில் வாத்துக் கறியே கிடையாது. நான் போன அன்று ஒரு வாத்து கம்பளத்தில் பாதியில் நின்று என் பெண்ணை முறைத்தது. அவள் பயந்து அழ, லாபியே சிரித்தது. அவ்வளவுதான்.

இனி போகிறவர்களுக்கு: டவுன்டவுனிலேயே தங்குங்கள். வாத்து பார்க்க பீபாடியில் ரூம் போட வேண்டியதில்லை, யாரும் பார்க்கலாம், ஆனால் அரைமணி முன்னால் போய்க் கம்பள ஓரமாகக் குழந்தையை உட்கார வையுங்கள். விலை குறைவு என்று ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை மோட்டலில் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டு, காலையில் கார்க் கண்ணாடி தரையில் கிடந்தது. ரிசப்ஷனில் இருந்தவர் பெருக்குவதற்குத் துடைப்பம் கொடுத்தார்! பையைக் காரில் வைக்கவே வைக்காதீர்கள். எல்விஸ் வாழ்ந்த வீடான கிரேஸ்லேண்ட் டவுன்டவுனில் இல்லை, விமான நிலையம் பக்கம், அதற்குத் தனி அரைநாள் ஒதுக்குங்கள். மாடிக்கு விடமாட்டார்கள், அதை முதலிலேயே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் 16 எல்விஸின் நினைவு நாள், அந்த வாரம் ரூம் கிடைப்பதே கஷ்டம். பீல் தெருவுக்கு இருட்டின பிறகு போனால்தான் பாட்டு, ஆனால் குழந்தைகளோடு என்றால் சீக்கிரம் திரும்பிவிடுங்கள். சைவம் என்றால் பார்பெக்யூ கடையில் கோல்ஸ்லாவும் ரொட்டியும்தான், பீன்ஸிலும் பன்றிக்கறி போட்டிருப்பார்கள், கேட்டுச் சாப்பிடுங்கள். ரைஸ் குக்கர் எடுத்துப் போங்கள். ஊறுகாய்...

பயணப்பை:
டென்னசிக்காரரே, நாங்கள் எல்லாரும் போய்விட்டு வந்தவர்கள்.

டென்னசிக்காரன்:
அடுத்த தடவைக்கு.

மாம்பலம்வாசி:
வாத்து முறைத்தது சரி. அந்த நெடுஞ்சாலை மோட்டல் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தார்களா, இல்லையா?