அப்பாவின் சாப்பாட்டுக் கடையை மூடச் சொல்வதா, பொலிசுக்குப் போகச் சொல்வதா?

கடைக்காரர் மகள் | ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா | ஜனவரி 18, 2021

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரோடும் இதைக் கதைக்க முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் 17 வருடமாக இங்கே சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். முன்னுக்கு ஆறு மேசை, மற்றதெல்லாம் பார்சலும் ஓடரும்தான். உண்மையில் கடையைத் தூக்கி நிறுத்தியது ஓடர்தான், பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று சனி ஞாயிறில் ட்ரே ட்ரேயாகப் போகும். போன மார்ச்சில் கொரோனா வந்ததும் அது ஒரே வாரத்தில் நின்றது. வாங்கி வைத்த அலுமினிய ட்ரே பெட்டிகள் பின்னறையில் கூரைவரை அப்படியே கிடக்கின்றன, அம்மா அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒக்டோபர் 10 இல் உள்ளே இருந்து சாப்பிடுவதை மறுபடி நிறுத்தினார்கள், நவம்பர் 23 இல் அடைப்பு. வேலைக்கு நின்ற இரண்டு பேரையும் அனுப்பியாயிற்று. விற்பனை முந்தியதில் பாதிகூட இல்லை.

இதுவரை சொன்னது எல்லாக் கடைக்கும் நடக்கிறதுதான். நான் கேட்க வந்தது வேறு.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மாஸ்க் இல்லாமல் ஒருவர் உள்ளே வந்தார். நான் காசு மேசையில் நின்றேன். மாஸ்க் போடச் சொல்லிச் சாதாரணமாகத்தான் கேட்டேன். "உங்கள் ஆட்கள்தான் இதைப் பரப்புகிறீர்கள், வந்த இடத்துக்கே போங்கள்" என்று கத்திவிட்டு, எனக்கு முன்னால் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தடுப்பில் துப்பிவிட்டுப் போனார். உள்ளே கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அப்பா வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, ஜாவெக்ஸ் (கிருமி கொல்லும் ப்ளீச்) நனைத்த துணியால் துடைத்தார். ஒரு தரம் துடைத்தால் போகும், அவர் நாலைந்து தரம் துடைத்தார். பிறகு திரும்பிப் போய் அந்தக் கொத்தை அடித்து முடித்துக் காத்திருந்தவரிடம் கொடுத்தார். அம்மாவுக்குச் சொல்லாதே என்றார்.

டிசம்பர் 22 இரவு முன் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். அதே ஆள் என்று நான் சொல்லவில்லை, தெரியாது. அப்பா அட்டை வைத்து ஒட்டிவிட்டுக் கடையைத் திறந்தார். பொலிசுக்கும் சொல்லவில்லை, இன்சூரன்சுக்கும் சொல்லவில்லை. நான் சண்டை பிடித்தபோது, "83 கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அப்பப்பாவின் கடை எரியும்போது பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது, இங்கே வந்து என்னத்தைச் செய்யப் போகிறது" என்றார். அரசாங்க உதவிக்கும் விண்ணப்பிக்க மாட்டாராம், அது பிச்சையாம். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

---

வரிக்கணக்கு அண்ணை

தங்கச்சி, முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் கணக்கு இருக்கிறது.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: 17 வருடமாக எச்.எஸ்.ரி. விற்பனை வரி கட்டினீர்கள், வருமான வரி கட்டினீர்கள், அதிலிருந்து வருகிற காசுதான் இது. என்னிடம் வருகிற கடைக்காரர்களில் பாதிப் பேர் உங்கள் அப்பாவைப் போலத்தான் வாயைத் திறக்கிறார்கள், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

போன வருடம் முதலில் கொண்டுவந்த வாடகை உதவிக்குக் கட்டடக்காரர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அவர் மாட்டேன் என்றால் அவ்வளவுதான். இப்போது இருக்கிற செர்ஸ் என்கிற வாடகை உதவி அப்படியில்லை. செப்டம்பர் 27 இலிருந்து கணக்கு, கடைக்காரரே நேரடியாக வரி முகவரகத்திடம் கேட்கலாம். விற்பனை 60 சதவீதம் விழுந்திருந்தால் வாடகையில் 52.5 சதவீதம் வரும். சுகாதார உத்தரவால் உள்ளே இருத்துவது நின்றதே, அந்த மேசை வியாபாரம் முந்திய விற்பனையில் காற்பங்காவது இருந்திருந்தால் அதற்கு மேலே இன்னும் 25. ஒன்ராறியோவின் சிறுவணிக மானியம் வெள்ளிக்கிழமைதான் திறந்தது, 10,000 இலிருந்து 20,000 டொலர்வரை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2019 ஏப்ரலையும் 2020 ஏப்ரலையும் ஒப்பிட்டு 20 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும், உங்களுக்கு நிச்சயம் குறைந்திருக்கும்.

சிறு கடைகளுக்கு அரசாங்கம் தருகிற சீபா கடன் 60,000 டொலர். 2022 முடிவதற்குள் 40,000 கட்டினால் மிச்சம் 20,000 தள்ளுபடி. ஆனால் அது கடன், கடை நிலைக்கும் என்று தெரிந்தால் மட்டும் எடுங்கள். அம்மாவும் அப்பாவும் சம்பளப் பட்டியலில் இல்லை என்று வங்கியில் முதலில் கைவிரித்திருந்தால், இப்போது வாடகை, இன்சூரன்ஸ் மாதிரிச் செலவுகளைக் காட்டியும் கேட்கலாம். அப்பா சொந்தக் கணக்கில் கடையை நடத்தியிருந்தால்கூட ஒக்டோபர் கடைசியிலிருந்து வழி திறந்திருக்கிறது. டெலிவரி அப் கொமிஷனையும் பாருங்கள், உள்ளே இருத்த முடியாத இடங்களில் டிசம்பரிலிருந்து எல்லாம் சேர்த்து 20 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று சட்டம்.

ஒன்று மட்டும் மனம் நோகாமல் கேளுங்கள். கையில் வாங்கிய காசைக் கணக்கில் காட்டாமல் விட்ட கடைகளுக்கு இப்போது விழுந்த தொகையைக் காட்ட வழியில்லை. அப்பா எப்படி எழுதினார் என்று முதலில் பாருங்கள்.

---

பழைய ஸ்காபரோ

நான் 2003 இல் அஜின்கோர்ட் பக்கம் ஒரு சீனக் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். சார்ஸ் நோய் வந்த வருடம். கனடாவில் 44 பேர் இறந்தார்கள், அநேகமாக எல்லாரும் இந்த ரொறன்ரோப் பக்கம்தான். நோய் எங்கள் கடையில் ஒருவருக்கும் வரவில்லை, ஆனாலும் இரண்டு கிழமையில் கடை வெறுமை. ஏப்ரலில் பிரதமர் கிரெட்டியன் சைனா டவுனுக்குப் போய்ச் சாப்பிட்டுக் காட்டினார். அது டிவியில் போகும்போது முதலாளி அம்மா பார்த்தார், பிறகு எழும்பிப் போய்ச் சுத்தமாக இருந்த மேசைகளையே மறுபடி துடைத்தார். நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை வாசித்ததும் அதுதான் கண்ணுக்கு முன் வந்தது.

எனக்கு வெட்கமான விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் ஆட்களே "நீ சீனக் கடையில் நிற்கிறாய், கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதே" என்றார்கள். போன பெப்ரவரியிலும் அதே கதைதான், இங்கே இன்னும் நோய் பரவத் தொடங்கவில்லை, எங்கள் வாட்ஸப் குழுக்களில் சீனக் கடைக்குப் போகாதே என்று செய்தி சுற்றியது. நானும் அதை மறுத்து எழுதவில்லை. இப்போது அதே விரல் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. போன வருடம் மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை ரொறன்ரோ நகரம் எடுத்த கணக்கில், தொற்று வந்தவர்களில் 83 சதவீதம் வெள்ளையர் அல்லாதவர்கள், சனத்தொகையில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து 52 தான். ஏன் என்று கேட்டால் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் பஸ்ஸிலும் நின்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்ய முடிந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததும் நாங்கள்தான்.

அப்பாவிடம் "கனடா அப்படியில்லை" என்று வாதாடாதீர்கள். 83 கலவரத்தைக் கண்ணால் கண்ட மனிதரிடம் அது எடுபடாது. துப்பியது உங்கள் முகத்துக்கு நேரே, அப்பாவுக்கு இல்லை. முறைப்பாடு கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், கூட வந்து நின்றால் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

---

மூன்று பிள்ளைகளின் அம்மா

எல்லாரும் கடையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறீர்கள். பிள்ளை, அம்மா அப்பாவுக்கு என்ன வயது? சலரோகம், பிரஷர் இருக்கிறதா? என் மாமா மாமியும் கடையை விடமாட்டோம் என்றுதான் நின்றார்கள், நவம்பரில் மாமா 11 நாள் ஆஸ்பத்திரியில். கடவுளே என்று திரும்பி வந்தார், வந்த அடுத்த கிழமையே மரக்கறி வெட்டப் போய்விட்டார். ஒரு கடைக்காக ஆளையே இழக்கலாமா?

மூடுவது என்றாலும் அவசரப்பட்டு மூடாதீர்கள். லீஸில் அப்பா சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்திருந்தால் கடையை விட்டாலும் வாடகை வீட்டுவரை துரத்தும். அதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

---

இரவு வேலைக்காரன்

ஒரே ஒரு விஷயம். கடைக் கமராவில் எடுத்ததை இன்றைக்கே கழற்றி வேறு இடத்தில் சேமியுங்கள். நான் காவல் வேலை பார்க்கிறேன், கமராப் படத்தைப் பதிகிற அநேகமான கடைப் பெட்டிகள் இரண்டு முதல் நாலு கிழமையில் பழையதன் மேலேயே எழுதிவிடும். டிசம்பர் 22 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். துப்புவது இங்கே சட்டப்படி தாக்குதல்தான். இனவெறியில் செய்தது என்று நிரூபித்தால் தண்டனை கொடுக்கும்போது அதைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று குற்றவியல் சட்டத்தில் 718.2 ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஆள் சொன்ன வார்த்தைகளை ஞாபகம் இருக்கும்போதே அப்படியே எழுதி, திகதி போட்டு வையுங்கள்.

---

கடைக்காரர் மகள் | ஜனவரி 20

எல்லோருக்கும் நன்றி. முந்தநாள் இரவே போய்க் கமராவைப் பார்த்தேன். துப்பியது அழிந்துவிட்டது. கண்ணாடி உடைத்தது இருக்கிறது, தொப்பி போட்ட ஒரு ஆள், முகம் தெரியவில்லை.

அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார். அந்த ஆள் போன பிறகும் படம் ஓடியது, விடிய ஐந்து மணிக்கு அப்பா வருகிறார், குனிந்து கண்ணாடித் துண்டுகளைக் கையாலேயே பொறுக்குகிறார். தன்னைத் தானே அப்படிப் பார்த்தது அவருக்கு என்னவோ செய்துவிட்டது போல, "தும்புத்தடி எடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்கு முதலே தெரியுமாம், ஜாவெக்ஸ் மணத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்தாராம்.

மானியத்துக்கு நான் விண்ணப்பிக்க அப்பா சரி என்றார். ஏப்ரல் 2019 கணக்குக் கொப்பியை அவரே எடுத்துத் தந்தார், ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார், காசு ஓடர்கூட. பொலிசுக்கு நாளைக்கு நான் போகிறேன், காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார், உள்ளே வருவாரா தெரியாது. மூடுவதா இல்லையா என்பதை லீஸைக் காட்டிய பிறகுதான் கதைக்கப் போகிறோம். தமிழ் தெரிந்த, கடை லீஸ் பார்க்கிற வக்கீலை எப்படித் தேடுவது என்று யாராவது சொல்ல முடியுமா?