ஹவுஸ் இசையின் தந்தை என்ற பட்டம் ஃபிராங்கி நக்கிள்ஸுக்குத் தகுமா?

ஒலித்தட்டு:
டிஸ்கோவிலிருந்து கிளைத்த ஹவுஸ் என்ற நடன இசைக்கு ஃபிராங்கி நக்கிள்ஸே ‘தந்தை’ என்று எல்லாரும் கொண்டாடுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1977-இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் நடன கிளப்புக்கு, தட்டுகளைச் சுழலவிடும் டிஜேவாக வந்தார். அங்கே அவர் சுழலவிட்டது பிலடெல்பியா சோல், நியூயார்க் டிஸ்கோ, ஐரோப்பியத் தட்டுகள். எல்லாம் அடுத்தவர் பாட்டு. 1982 கடைசியில் அங்கிருந்தும் கிளம்பிவிட்டார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் சொல்லும் ‘ஆன் அண்ட் ஆன்’ வந்தது 1984-இல்தான், ஜெஸ்ஸி சாண்டர்ஸ் பெயரில். சமைத்தவர் இருக்க, பரிமாறியவருக்கா மாலை?

நெய்தல்:
பரிமாறியவரா? டிஸ்கோவைப் பெரிய நிறுவனங்கள் கைகழுவி, புதுத் தட்டுகள் வரத்துக் குறைந்த காலம் அது. இருக்கிற பாட்டையே டேப்பில் வெட்டி ஒட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை நீட்டி, பேஸ் என்ற அடிநாதத்தை ஏற்றி வேறொரு பாட்டாக மாற்றினார். வேர்ஹவுஸை விட்ட பிறகு தொடங்கிய பவர் பிளான்ட் கிளப்பில், டெட்ராய்ட் இசைக்கலைஞர் டெரிக் மேயிடம் வாங்கிய டிஆர்-909 டிரம் மெஷினையும் தட்டுகளோடு சேர்த்து ஓட்டினார். ‘ஹவுஸ்’ என்ற பெயரே வேர்ஹவுஸைச் சுருக்கி வந்தது என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள்.

வேர்ஹவுஸ் நடனத் தளத்தில் ஆடியது யார் என்று ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. தெற்கு ஜெஃபர்சன் தெரு 206-ஆம் எண்ணில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு ஆண்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் மறைந்து வாழ்ந்தவர்கள் சனி இரவு உள்ளே போனால் ஞாயிறு பகல்வரை ஆடினார்கள். மதுவே இல்லை, பழச்சாறுதான். ஃபிராங்கியும் அவர்களில் ஒருவர். அந்தக் கிளப்பைத் தேவாலயத்தோடு ஒப்பிட்டவரே அவர்தான். எதற்கு ஆடுகிறார்கள், எப்போது மூச்சு வாங்குவார்கள் என்பது தெரிந்த கை அது.

நள்ளிரவு:
நெய்தல் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இன்னொரு சிகாகோ டிஜே ரான் ஹார்டி எங்கே? ஃபிராங்கி விலகியதும் வேர்ஹவுஸ் உரிமையாளர் ராபர்ட் வில்லியம்ஸ் மியூசிக் பாக்ஸ் என்ற கிளப்பைத் திறந்து ஹார்டியைக் கொண்டுவந்தார். வேகம் கூட, சத்தம் கூட. பாட்டைப் பின்னோக்கி ஓட்டுவார். ஃபியூச்சர் என்ற சிகாகோ இசைக்குழுவினர் டிபி-303 பேஸ் கருவியைத் திருகி எடுத்த டேப்பை ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல் முறை போட்டதும் தளம் காலி. அவர் விடவில்லை, அதே இரவில் நான்கு முறை போட்டார். நான்காம் முறை கூட்டம் வெறிபிடித்து ஆடியது. 1987-இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று தட்டாக வந்தது அதுதான். ஹார்டி 1992-இலேயே போய்ச் சேர்ந்தார். ஃபிராங்கிக்கு 1998-இல் கிராமி, 2004-இல் சிகாகோவில் ஒரு தெருவுக்கே அவர் பெயர். இருந்தவருக்குப் பட்டம், போனவருக்கு அடிக்குறிப்பா?

ஒலித்தட்டு:
நீங்கள் இருவருமே டிஜேக்களைத்தான் பேசுகிறீர்கள். வீட்டில் உட்கார்ந்து மெஷினைத் தட்டிய பையன்கள் எங்கே? யார் எங்கே ஆடினார்கள் என்பது சமூக வரலாறு, இசை வரலாறு இல்லை.

நெய்தல்:
இரண்டையும் பிரிக்க முடியாது நண்பரே. 1979 ஜூலை 12, அதே சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானம். வானொலித் தொகுப்பாளர் ஸ்டீவ் டால், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, இரண்டாம் ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே பணியாளாக நின்ற கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ். டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளையும் சிலர் எரிக்கக் கொண்டுவந்ததைப் பார்த்தவர். நீங்கள் சொன்ன ‘ஆன் அண்ட் ஆன்’ பாட்டை ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து எழுதியவரும் அவரேதான்! மைதானத்தில் எரித்ததை வேர்ஹவுஸ் அணையாமல் வைத்திருந்தது.

ஒலித்தட்டு:
வின்ஸ் லாரன்ஸ் விஷயம் எனக்குப் புதிது. பரிமாறியவர் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ‘தந்தை’ பட்டத்துக்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை. வேர்ஹவுஸுக்கு வில்லியம்ஸ் முதலில் அழைத்தது ஃபிராங்கியின் நண்பர் லாரி லெவனை. அவர் மறுத்ததால்தான் ஃபிராங்கி வந்தார். இருவரும் தொழில் பழகியது நியூயார்க்கின் கான்டினென்டல் பாத்ஸில், அதுவும் தன்பாலீர்ப்பு ஆண்களின் இடம். அப்படியானால் ஹவுஸ் பிறந்த ஊர் எது?

நள்ளிரவு:
சிகாகோதான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேர்ஹவுஸ் கட்டடத்தை 2023-இல் அந்த நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. மியூசிக் பாக்ஸைப் பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன், இருவரும் வாருங்கள்.