புதுப்பிப்பு: ஹாட் ராட் கொதிப்பது நின்றுவிட்டது, கண்காட்சிக்கு இன்னும் 3 நாள்

என் ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார், ஒரு 1932 ஃபோர்டு. அதன் பிளாட்ஹெட் வி8 (எட்டு சிலிண்டர் கொண்ட பழைய வகை) எஞ்சின் 10 நிமிடத்தில் கொதிக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. இந்த எஞ்சினில் புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே (எஞ்சினின் இரும்பு உடல்), குளிர்விக்கும் தண்ணீரை ஒட்டியே போகிறது. சூடு இயல்பிலேயே அதிகம். நான் ரேடியேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால், பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் துருவும், எஞ்சினை வார்த்தபோது தங்கிப்போன பழைய மணலும்! வளைத்த கம்பியால் கிளறக் கிளற, ஈரக் கரிபோல ஒரு டப்பா நிறைய வந்தது.

நேற்று அரை மணி நேரம் ஓடவிட்டேன். வெப்பமானி முள் 180 ஃபாரன்ஹீட்டிலேயே (சுமார் 82 செல்சியஸ்) நின்றது. கண் கலங்கிவிட்டது.

அப்புறம், பெயின்ட்டுக்கு நேரமில்லை. சரியாகக் காயாத பெயின்ட்டில் பாலிஷ் போட மனம் வரவில்லை, பிரைமரோடுதான் (அடிப்பூச்சு) நிறுத்தப்போகிறேன். வயரிங் பாக்கி. இன்று ராத்திரி பிரேக்கிலிருந்து காற்று எடுக்க வேண்டும்.